உலகம்மை வீட்டுத் தெற்குச் சுவர்

பெரியவர்களே, சின்னவர்களே, கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். உலகம்மை வருகிறாள், அவளுக்கு இடம் வேண்டும்.

ராசாக்கள் யானை மேல் ஏறிப் போய்க்கொண்டிருந்த அந்தக் காலத்தில், எங்கள் ஏழுகுளத்தூரில் யானையும் கிடையாது, ராசாவும் கிடையாது. ஆனால் உலகம்மை இருந்தாள். அது போதும் என்று நான் சொல்வேன். கதை முடிந்ததும் நீங்களும் சொல்வீர்கள்.

உலகம்மை விதை காப்பவள். சுற்றியிருந்த பன்னிரண்டு ஊர்க்காரர்களும் அறுவடை முடிந்ததும் அடுத்த விதைப்புக்கான நெல்லை அவள் வீட்டில்தான் கொண்டுவந்து கொட்டுவார்கள். அவள் அதை வெயிலில் காய வைப்பாள், முறத்தில் புடைப்பாள், வேப்பிலை கலந்து ஆள் உயர மண் குதிர்களில் போட்டு மூடுவாள். ஐப்பசியில் மழை விழுந்ததும் அவரவர் வந்து வாங்கிப்போய் விதைப்பார்கள். ஊருக்கு ஒரு குதிர், ஆக மொத்தம் பன்னிரண்டு குதிர். அந்தக் குதிர்களை மண் குழைத்துக் கட்டுவதும் அவள்தான்.

அவள் மாமியார், அந்த மாமியாருக்கு மாமியார் என்று ஏழு தலைமுறையாக அந்த வீட்டிலிருந்து போன விதை முளைக்காமல் போனதே இல்லை. அதனால் உலகம்மையின் தலை எப்போதும் கொஞ்சம் நிமிர்ந்தே இருக்கும். சிலர் அதைத் திமிர் என்பார்கள். இருக்கட்டுமே! பன்னிரண்டு ஊர்ச் சோற்றைக் காக்கிறவளுக்கு அந்த அளவு திமிர்கூட இல்லாவிட்டால் எப்படி?

அவள் புருஷன் பெயர் தளவாய். தங்கமான மனிதர். யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். இந்தக் கதையில் அதுவும் ஒரு தொல்லை.

ஒரு வருஷம் ஆடிக்காற்று பேயாக அடித்தது. முதல் நாள் கூரையில் இருந்த ஓலை பறந்தது. இரண்டாம் நாள் கூரையைத் தாங்கிய உத்திரம் பிளந்தது. மூன்றாம் நாள் தெற்குச் சுவர் 'நான் வருகிறேன்' என்று தெருவைப் பார்த்துப் படுத்துவிட்டது. நல்ல வேளையாகக் குதிர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மழை வந்தால் அவ்வளவும் நனையும். நனைந்த விதை குதிருக்குள்ளேயே முளைவிட்டு அழுகும். பன்னிரண்டு ஊரும் விதைக்க வழியில்லாமல் பட்டினி கிடக்கும்.

வேறு வீட்டுக்கு மாற்றலாமே என்று கேட்காதீர்கள், தளவாய் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். மண் குதிரைத் தூக்கினால் உடையும். அத்தனை நெல்லை வைக்க ஊரில் வேறு வீடும் கிடையாது.

"ஆடி, ஆவணி, புரட்டாசி. மூணு மாசம் இருக்கு. ஆளைக் கூப்பிடுங்க" என்றாள் உலகம்மை.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏழுகுளத்தூரில் ஒரு வேலைக்காரர் ஒரு வீட்டு வேலையை ஏற்றுக்கொண்டால், தன் கருவி ஒன்றை அந்த வீட்டில் வைத்துவிட்டுப் போவார். கருவியில் அவருடைய குறி வெட்டியிருக்கும். அது அங்கே இருக்கும்வரை வேறு எந்த வேலைக்காரரும் அந்த வேலையைத் தொடக்கூடாது. வேலை முடிந்ததும் அந்தக் கருவிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, வீட்டு முகப்பில் மூன்று நாள் தொங்கவிடுவார்கள். ஊரே வந்து பார்த்து, "இது இன்னார் கை" என்று சொல்லிவிட்டுப் போகும். வேலை செய்யாமல் கருவியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனவருக்கு அதன்பிறகு ஊரில் ஒருவரும் வேலை கொடுக்க மாட்டார்கள்.

நல்ல வழக்கம்தான். நல்ல மனிதர்கள் வைத்த வழக்கம். ஆனால் நாளடைவில் நம் ஆட்கள் அதில் ஒரு சௌகரியத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒரு கருவியை வைத்தால் ஒரு வேலை நமக்கு என்றால், பத்துக் கருவியை வைத்தால் பத்து வேலையும் நமக்குத்தானே? கொல்லன் உலை அணையாமல் எரிந்தது. ஊரில் வீட்டுக்கு வீடு கருவி கிடந்தது. வேலைக்காரரைத்தான் எங்கேயும் காணோம்.

முதலில் கொத்தனார் மந்திரமூர்த்தி வந்தார். அவர் கட்டிய சுவரில் ஏறும் எறும்புகூட வளையாமல் நேராக ஏறும் என்பார்கள். வந்தவர் விழுந்து கிடந்த சுவரை மூன்று தரம் சுற்றினார். மூன்று தரம் உச்சுக்கொட்டினார். மூன்று செம்பு மோர் குடித்தார்.

"யாரு தாயி இதைக் கட்டுனது? இது ஒரு சுவரா? கட்டுனவன் கையை ஒடிக்கணும்" என்றார்.

"உங்க அப்பாதான், அண்ணாச்சி" என்றாள் உலகம்மை.

கொத்தனார் மீசையைத் துடைத்துக்கொண்டார். "அதான் இத்தனை வருஷம் நின்னிருக்கு" என்றார். பிறகு மடியிலிருந்து மீன் குறி வெட்டிய தூக்குக்குண்டை எடுத்தார். சுவர் நேராக இருக்கிறதா என்று நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பார்களே, அந்தக் குண்டு. அதை மாடத்தில் வைத்தார். "நாளைக்கு விடியும்போது முதல் கல்லு உங்க வீட்டுக் கல்லுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து சிற்றம்பலம் ஆசாரி வந்தார். அவர் இழைத்த மரத்தில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். பிளந்த உத்திரத்தைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், கண்ணை மூடிக்கொண்டார். "போயிருச்சு" என்றார். ஏதோ வீட்டுப் பெரியவர் போய்விட்டது போல் தளவாய்க்குக் கண் கலங்கியது. ஆசாரி மரம் அளக்கிற, தாமரைக் குறி வெட்டிய முழக்கோலை மூலையில் சாய்த்து வைத்தார். "நாளைக்குப் பாருங்க, மரத்தோட வந்து நிக்கேன்" என்றார்.

மூன்றாவது ஆளாகக் கூரை வேயும் பலவேசம் வந்தார். அவர் ஓலை கட்டினால் மழை உள்ளே வர வழி தெரியாமல் திரும்பிப் போய்விடும். வெறுங்கையோடு வரவில்லை, மூங்கில் ஏணியோடு வந்தார். ஏணியை நடுவீட்டில் நிறுத்தி, "நாளைக்கு உச்சிக்குள்ள முடிச்சிருதேன்" என்றார். அந்த ஏணியில் தளவாய் அன்று மூன்று தரம் தலையை இடித்துக்கொண்டார்.

மூவரும் கெட்டிக்காரர்கள். நான் பொய் சொல்ல மாட்டேன். அதில்தான் வயிற்றெரிச்சலே. கெட்டிக்காரன் இல்லையென்றால் போய்த்தொலை என்று விட்டுவிடலாம் அல்லவா?

நாளை வந்தது. கொத்தனார் வரவில்லை. ஆசாரி வரவில்லை. பலவேசம் வரவில்லை. இன்னொரு நாளை வந்தது. அப்போதும் வரவில்லை.

தளவாய் தேடிப் போனார். எங்கோ மதில் கட்டிக்கொண்டிருந்த கொத்தனார் இறங்கி வந்து தோளில் கைபோட்டார். "அண்ணாச்சி, உத்திரம் எவ்வளவு நீளம்னு தெரியாம நான் சுவரை எங்க கொண்டுபோய் நிப்பாட்ட? ஆசாரியைக் கூப்பிடுங்க. மரத்தைக் கண்ணுல பாத்த மறுநிமிஷம் நான் ஆஜர்."

ஆசாரியிடம் போனார். "சுவர் இல்லாம உத்திரத்தை எங்க வைக்க? காத்துலயா? கொத்தனாரைக் கூப்பிடுங்க அண்ணாச்சி."

பலவேசத்திடம் போனார். "உத்திரம் ஏறட்டும். அது ஏறிச்சோ இல்லையோ, பின்னாலேயே நானும் ஏறுதேன்."

தளவாய் வீட்டுக்கு வந்து, "மூணு பேர் சொல்லுததும் நியாயமாத்தான் இருக்கு, ஏளா" என்றார். உலகம்மை அவர் தலையிலிருந்த வீக்கத்துக்கு எண்ணெய் தடவினாள்.

ஆவணி பிறந்தது. கொத்தனாரின் மாமா இறந்துவிட்டார் என்று சேதி வந்தது. பாவம் என்றார் தளவாய். பத்து நாள் கழித்துக் கேட்டபோது கொத்தனாரின் மாமா இறந்துவிட்டார் என்றார்கள். இன்னொரு மாமா போலிருக்கிறது, பாவம் என்றார் தளவாய். மேலும் பத்து நாள் கழித்துக் கொத்தனாரின் மாமா மறுபடியும் இறந்தார். மனசு கேட்காமல் தளவாய் துக்கம் விசாரிக்க அந்த வீட்டுக்கே நடந்து போனார். வாசலில் ஒரு பெரியவர் பாக்கு இடித்துக்கொண்டிருந்தார். வெற்றிலை மடித்துக் கொடுத்து, "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டார். அவர்தான் மாமா.

அந்த வெற்றிலையை மென்றுகொண்டே தளவாய் திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னார். "ஆனா நல்ல மனுஷன், ஏளா. இறந்தது நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லலை" என்றார். உலகம்மைக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டாள்.

பக்கத்து ஊரிலிருந்து வேறொரு கொத்தனாரை அழைத்து வந்தாள். அவர் மாடத்தில் இருந்த மீன் குறியைப் பார்த்தார். வாங்கிய தண்ணீரைக்கூடக் குடிக்காமல் செம்பைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். குண்டை மந்திரமூர்த்தியிடமே கொண்டுபோய் நீட்டினாள். அவர் பாம்பைக் கண்டதுபோல் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "தாயி! செய்யாத சோலிக்குக் கருவியைத் திருப்பி வாங்குனா நான் ஊர்ல தலைகாட்ட முடியுமா? என் பேரு என்ன ஆகும்? நாளைக்கே வாரேன், போங்க."

உலகம்மை குண்டை எடுத்துக்கொண்டு நடந்தாள். வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தையையே நினைத்துக்கொண்டு வந்தாள். என் பேரு என்ன ஆகும்? வீட்டு வாசலுக்கு வந்தபோது அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

புரட்டாசி பிறந்த அன்று எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டைப் பார்த்து ஊர்ந்தன. உலகம்மை அதைப் பார்த்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குளத்து மண்ணைக் கூடைகூடையாகக் கொண்டுவந்து கொட்டும்படி தளவாயிடம் சொன்னாள்.

"எதுக்கு?" என்றார் தளவாய்.

"சுவர் கட்ட."

"ஏளா! குண்டு இருக்கும்போது வேற ஆள் தொடக்கூடாதே!"

"வேற வேலைக்காரன்தானே தொடக்கூடாது? நான் வீட்டுக்காரி. வீட்டுக்காரி தொடக்கூடாதுன்னு எவன் சொன்னான்?"

எவனும் சொல்லவில்லை. சொல்ல யாருக்கும் தோன்றியதும் இல்லை. கேளுங்கள், எனக்கு இந்த இடத்தில் பெருமை தாங்குவதில்லை.

உலகம்மைக்குச் சுவர் கட்டத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது குதிர் கட்ட. அதனால் குதிர் கட்டுவது போலவே சுவரையும் கட்டினாள். மண்ணில் வைக்கோல் போட்டு மிதித்தாள். ஒரு சாண் ஏற்றினாள், காயவிட்டாள். இன்னொரு சாண் ஏற்றினாள், காயவிட்டாள். விரல் வைத்தால் பதியாது என்று கண்ட பிறகே அடுத்த சாண். இருபது நாள் ஆனது. சுவர் எழுந்தது. ஆனால் குதிர் கட்டிப் பழகிய கை அல்லவா? நடுவில் ஒரு வயிறு தள்ளியது. ஆறு மாதப் பிள்ளைத்தாய்ச்சி போல, தெற்குச் சுவர் தெருவைப் பார்த்து வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது.

அதன்மேல் உத்திரம் என்று ஒரு பனைமரத் துண்டை ஏற்றினார்கள். அது வளைந்த பனை. கூரை என்று கிடைத்த ஓலையைப் பரப்பி, பறக்காமல் இருக்க உடைந்த பானை, பழைய உரல், கல் என்று தூக்கி வைத்தார்கள். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் ஓட்டை ஓட்டையாக வானம் தெரிந்தது. சுவர் நிற்கும் என்று உலகம்மைக்குத் தெரியும். இந்தக் கூரை ஒரு மழைக்கும் தாங்காது என்றும் தெரியும். ஆகவே அவள் அடுத்த காரியத்தைச் செய்தாள்.

அன்று சந்தை நாள். எங்கள் ஊர்ச் சந்தைக்குப் போகும் வழி அவள் வீட்டுத் தெற்குச் சுவரை ஒட்டித்தான் போகிறது. உலகம்மை மூன்று கருவிகளையும் கழுவினாள். சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள். அரளி மாலை கட்டினாள். வளைந்த பனையின் கீழே முழக்கோலைத் தொங்கவிட்டாள். உரல் ஏறிய கூரையில் ஏணியைச் சாய்த்தாள். மீன் குறி வெளியே தெரியும்படி, சுவரின் வயிற்றுக்கு நேராகத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டாள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

சந்தைக்கு வந்த சனம் முதலில் சுவரைப் பார்த்தது. பிறகு குண்டைப் பார்த்தது. பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

"மந்திரமூர்த்தி சோலியா இது? மனுஷனுக்குக் கை விழுந்துபோச்சா?"

"ஆசாரிக்குக் கண்ணு மங்கியிருக்கணும். பனை வளைஞ்சது தெரியாமலா தூக்கி வச்சிருக்காரு?"

"பலவேசம் உரலை எதுக்கு மேல ஏத்தியிருக்கான்? மாவு அங்க போயா ஆட்டணும்?"

"நெசமா அவங்கதான் செஞ்சாங்களா?" என்று உலகம்மையிடமே கேட்டார்கள்.

"யாரு கருவி தொங்குதோ அவங்க சோலி. அதானே நம்ம ஊர் வழக்கம்? வெத்தலை எடுத்துக்கோங்க" என்றாள் உலகம்மை.

சேதி சந்தை முழுக்கப் பரவியது. கால் நாழிகை ஆகவில்லை, சோற்றுக் கையைக்கூடக் கழுவாமல் மந்திரமூர்த்தி ஓடிவந்தார். பின்னாலேயே ஆசாரி வந்தார், காதில் செருகிய கரிக்கட்டியோடு. அதற்கும் பின்னால் பலவேசம், தலையெல்லாம் ஓலைத் தூசியோடு. இரண்டு மாதமாகக் கூப்பிட்டு வராத மூன்று பேரும் கூப்பிடாமலே வந்து நின்றார்கள். எங்கள் ஊர் மட்டும் இல்லை, பன்னிரண்டு ஊர்ச் சனமும் அங்கே நின்றது.

"ஐயோ, என்ன தாயி இது! என் பேரைத் தெருவுல போட்டு மிதிச்சிட்டீங்களே! இது நான் கட்டுன சுவரா?" என்று கத்தினார் கொத்தனார்.

உலகம்மை தாம்பாளத்தைக் கீழே வைத்தாள். இரண்டு மாதமாக விழுங்கி வைத்திருந்ததெல்லாம் அப்போது வெளியே வந்தது.

"உங்க சோலி இல்லைன்னா குண்டை எடுத்துட்டுப் போங்க, அண்ணாச்சி. இத்தனை பேர் முன்னால எடுத்துட்டுப் போங்க. ஆடியில வச்சேன், ஒரு கல்லும் வைக்கலைன்னு சொல்லிட்டு எடுத்துட்டுப் போங்க. உங்க சோலிதான்னா, உங்க கை எப்படிக் கட்டுமோ அப்படிக் கட்டிக் கொடுங்க. ரெண்டுல ஒண்ணு. நாளைக்குன்னு மட்டும் சொல்லாதீங்க."

மூன்று பேரும் தங்கள் தங்கள் கருவியைப் பார்த்தார்கள். எடுத்தால் பெயர் போகும். விட்டுவைத்தாலும் பெயர் போகும்.

"பேருக்கு அலறுதீங்களே" என்றாள் உலகம்மை. "உள்ள இருக்கது என்னன்னு மூணு பேர்ல ஒருத்தராவது கேட்டீங்களா? பன்னிரண்டு ஊர் விதை அண்ணாச்சி. உங்க தங்கச்சி வாக்கப்பட்டுப் போன ஊருக் குதிரு அந்தா, மூணாவதா நிக்கி. மழை விழுந்தா ஏழு தலைமுறையில முளைக்காத விதை கொடுத்தவ நான் ஒருத்திதான்னு ஆகும். எனக்கும் பேரு இருக்கு."

கொத்தனார் உள்ளே எட்டிப் பார்த்தார். பன்னிரண்டு குதிர்கள் வரிசையாக நின்றன. மேலே பொத்தல் வழியாக மேகம் தெரிந்தது. மோர் குடித்துக்கொண்டு மூன்று தரம் சுற்றி வந்த அன்று, அவர் சுவரைத்தான் பார்த்தாரே தவிர உள்ளே பார்க்கவே இல்லை. அவர் முகம் சுண்டிப்போனது.

கையைத் துண்டில் துடைத்தார். "ஆசாரி, மரம் எடுத்துட்டு வாரும். பலவேசம், நீ ஓலைக்குப் போ" என்றார். "நான் இப்பவே தொடங்குதேன்."

"உத்திரத்து நீளம் தெரியாம எப்படி?" என்று ஆசாரி பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தார். கூட்டத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு மரத்துக்கு ஓடினார்.

மந்திரமூர்த்தி முதலில் கோணல் சுவரை இடிக்கப் போனார். கையால் தள்ளினார், அசையவில்லை. தோளால் தள்ளினார், அசையவில்லை. கடப்பாரையை ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். கடப்பாரை துள்ளிக்கொண்டு திரும்பி வந்தது. சுவரில் ஒரு கட்டைவிரல் அளவு பள்ளம், அவ்வளவுதான்.

அவர் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுச் சுவரைத் தடவினார். வரி வரியாக மண் ஏறியிருந்ததைப் பார்த்தார். எண்ணினார்.

"ஒவ்வொரு சாணையும் காயவிட்டா ஏத்துனீங்க?" என்று கேட்டார்.

"குதிர் அப்படித்தான் கட்டுவோம்."

"எத்தனை நாள்?"

"இருபது நாள். ஒரு நாளும் விட்டுப் போகலை."

கொத்தனார் கீழே கிடந்த கடப்பாரையை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "இதை இடிச்சா என் கை விளங்காது" என்றார். இடிக்காமல், இரண்டு பக்கமும் செங்கல் முட்டுக் கொடுத்து, தலையை மட்டம் பண்ணி, உத்திரம் உட்காரக் கல் பதித்தார்.

முதல் நாள் சுவர் வேலை முடிந்தது. இரண்டாம் நாள் ஆசாரி உத்திரத்தை ஏற்றினார். தளவாய் அதில் முகம் தெரிகிறதா என்று பார்த்தார், தெரிந்தது. மூன்றாம் நாள் பலவேசம் கூரையில் ஏறினார். மூன்று மாதத்தில் நடக்காதது மூன்று நாளில் நடந்தது. முடியாத வேலை அல்ல, பார்த்துக்கொள்ளுங்கள். வராத ஆட்கள், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் பலவேசம் கடைசி முடிச்சைப் போட்டு, மிச்சக் கயிற்றை அறுத்தார். அறுத்த கயிறு தரையில் விழுவதற்குள் மழை வந்துவிட்டது. சடசடவென்று கொட்டியது. வேலை முடிவதைப் பார்க்க வந்திருந்த பன்னிரண்டு ஊர்ச் சனமும் உள்ளே நெருக்கி நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தது. ஒரு சொட்டு இறங்கவில்லை. உலகம்மை ஒவ்வொரு குதிராகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் காய்ந்திருந்தன. பன்னிரண்டாவது குதிரைத் தொட்டுவிட்டு அப்படியே அதில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில்தான்.

மறுநாள் கருவிகளுக்கு முறையாக மாலை போட்டார்கள். புது உத்திரத்தில் முழக்கோல் தொங்கியது. ஆசாரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். புதுக் கூரையில் ஏணி சாய்ந்தது. பலவேசம் சிரித்தார். உலகம்மை தூக்குக்குண்டை எடுத்துச் சுவர் பக்கம் போனாள்.

"நில்லுங்க தாயி" என்றார் மந்திரமூர்த்தி. எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஆடியில கருவியை வச்சேன். ஒரு கல்லும் வைக்காம நான் ஊரைச் சுத்துனேன். இந்தச் சுவர் என் சோலி இல்லை. முட்டுக் கொடுத்தது மட்டும்தான் நான். குண்டைக் கொடுங்க, எடுத்துட்டுப் போறேன்."

வேலை செய்யாத வீட்டிலிருந்து கருவியைத் திருப்பி எடுத்த முதல் கொத்தனார் அவர்தான். குண்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இனிமே எனக்கு எவனும் சோலி கொடுக்கலைன்னாலும் சரி" என்றார். "சுவர்ல தொங்க வேண்டியது கட்டுனவங்க கருவி. உங்க முறத்தைக் கொண்டாங்க."

உலகம்மை முறத்தைக் கொண்டுவந்தாள். விளிம்பு தேய்ந்த பழைய முறம், அவள் மாமியார் கையிலிருந்து வந்தது. மந்திரமூர்த்தியே சந்தனம் வைத்தார். மந்திரமூர்த்தியே மாலை போட்டார். தெற்குச் சுவரின் வயிற்றுக்கு நேராக அவரே தொங்கவிட்டார். பன்னிரண்டு ஊரும் சேர்ந்து, "இது உலகம்மை கை" என்றது. தளவாய் ஒரு ஓரமாக நின்று, "என் வீட்டுக்காரி, என் வீட்டுக்காரி" என்று தெரிந்தவரிடமும் தெரியாதவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மண் சுமந்தது தான்தான் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. நான் சொன்னேனே, தங்கமான மனிதர்.

அந்த வருஷ விதை ஒன்று பாக்கியில்லாமல் முளைத்தது. மந்திரமூர்த்திக்கு வேலை கிடைத்ததா என்று கேட்கிறீர்களா? முன்னைவிட அதிகமாகக் கிடைத்தது. தப்பை வாய்விட்டுச் சொன்னவரை யார்தான் விடுவார்கள்? ஆனால் அவர் வீடு வீடாகப் போய்த் தன் மற்றக் குண்டுகளையெல்லாம் சேகரித்து, கொல்லனிடம் கொடுத்து உருக்கிவிட்டார். ஒரே ஒரு குண்டை வைத்துக்கொண்டார். அது ஒரு வீட்டில் தொங்கினால் அவரும் அந்த வீட்டில்தான் இருப்பார். ஆசாரியும் அப்படியே செய்தார். பலவேசமும் அப்படியே செய்தார். கொல்லனுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். அந்த மாமா அதன்பிறகு ஒரே ஒரு தரம்தான் இறந்தார். அதுவும் தொண்ணூறு வயதில், நிஜமாகவே.

வெளியூர்க்காரர்கள் சந்தைக்குப் போகும்போது சுவரைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, சுவர் இப்படி வயித்தைத் தள்ளிட்டு நிக்கி?" என்று கேட்பார்கள். உலகம்மை முறத்தில் நெல்லைப் புடைத்துக்கொண்டே, தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி, "கோணல்தான். நான் கட்டுனது" என்பாள்.

கேட்டவர்களே, தொடங்கிய வேலையைக் கூட இருந்து முடிக்கிற கைக்குத்தான் அந்த வேலையின் பெருமை சொந்தம்.